சிப்பிமேட்டில் ஒரு பெயர்ப்பலகை

ஜோவால்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஜெகானுக்கு உம்மா ருகி ஃபாய் எழுதுறது. அல்லாஹ்வோட கிருபையில வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம், உன் முட்டிவலி தணிஞ்சிருக்கணும்னு தொழுகையில கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். என்னடா, ஜெகான்னு படிச்சதும் திக்குன்னு இருக்கா? இருபத்திரண்டு வருஷமா உன்னை உன் தம்பி பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டேன், எனக்கு எப்படி இருந்திருக்கும்?

உன் தங்கச்சிக்கு ஏழாம் மாசம், வாயில மீன் சோறு தவிர ஒண்ணும் இறங்க மாட்டேங்குது. கடல்ல மீன் குறைஞ்சுபோச்சு. சரி, சிகா ஜூஃப் கதைக்கு வரேன். அவ ஜூஃப், நான் ஃபாய், ரெண்டு குலமும் பாத்தாலே கேலி பேசிக்கணும்ங்கிறது பாட்டன் காலத்து முறையாச்சே, வாசல்ல கால் வைக்கும்போதே அடியே அடிமை, சோத்துச்சட்டியை எங்க ஒளிச்சேன்னு கத்திக்கிட்டுதான் வருவா, நானும் விடமாட்டேன். போன வாரம் வந்தவ ஒரு கேலி பேசல. பாயில உக்காந்தா.

நீ பிரான்ஸ்ல இருக்கிற உன் கூடைப்பந்து கிளப்புக்கு ஆள் எடுக்க டாக்கர் வந்தியே, அங்க அவ மகன் லத்தீர் உயரத்தையும் கையையும் பாத்து நீயே தட்டிக்கொடுத்தியாம். பேப்பர்ல ரெண்டு வயசு குறைச்சிருக்கான்னு தெரிஞ்சதும் நூறு பேர் முன்னாடி பனியனைக் கழட்டச் சொல்லி, வயசு திருடுற நாய்க்கு என் மைதானத்துல இடமில்லன்னு சொன்னியாம். வெத்து உடம்போட பஸ் ஏறி வந்தான்டா அந்தப் பிள்ளை. இப்பவும் முகத்தைச் சுவத்துப் பக்கமே திருப்பிப் படுத்திருக்கான். அவ என்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ருகி, என் மகன் ரெண்டு வயசு திருடினான், உன் மகன் எத்தனை திருடினான்னு.

அவளுக்குத் தெரியாததா? காய்ச்சல்ல போன நம்ம ஸாலியுவைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி போட்டதே அவ புருஷன்தானே. பதினஞ்சு வயசு மையத்து. மூணு வாரத்துல பிரான்ஸ்காரன் வந்து உயரமான பையன் வேணும், பதினாறுக்குள்ள இருக்கணும்னு நிக்கிறான், உனக்கோ பத்தொன்பது. உன் வாப்பா தம்பியோட பிறப்புச் சீட்டை உன் கையில குடுத்தார். சாவைப் பதிய வேணாம், சிப்பிமேட்டுல அடக்கின கபர்ல பேர் வைக்க வேணாம்னார். நானும் வாயை மூடிக்கிட்டேன், அந்தப் பாவம் எனக்கும்தான். நீ சென்டரா நின்னு பதிமூணு வருஷம் ஆடின, கோச்சாவும் ஆயிட்ட. ரேடியோவுல ஸாலியு பந்தைப் பிடிச்சான், ஸாலியு போட்டான்னு சொல்லும்போதெல்லாம் ஊர் கைதட்டும், நான் மட்டும் அடுப்படிக்குப் போயிடுவேன். ஒரு நாளாவது என் மனசு என்னன்னு கேட்டியாடா?

அப்பவும் பெத்த மனசு, அன்னைக்கே உனக்குப் போன் போட்டேன். லத்தீரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை தன்மையாப் பேசு, சேத்துக்கக்கூட வேணாம்னு கெஞ்சினேன். நீ என்ன சொன்ன? உம்மா, சட்டம்னா சட்டம், பொய்ப் பேப்பர்காரனுக்கு நான் இரக்கப்பட மாட்டேன்.

சரி மகனே. திங்கட்கிழமை சிகா புருஷனைச் சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு கோர்ட்டுக்குப் போனேன். ஏன்மா இவ்வளவு காலம் கழிச்சுன்னு கேட்டாங்க, ஒரு மகனுக்காக இன்னொருத்தனை மறைச்சேன்னு சொன்னேன். நேத்து சீட்டு கையில வந்துடுச்சு. ஸாலியு இறந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சுன்னு சர்க்கார் முத்திரையோட இருக்கு. இன்னைக்கு ஜும்ஆ முடிஞ்சதும் சிப்பிமேட்டுக்குப் போய் கபர்ல பேர்ப்பலகை நட்டேன். சத்தமாப் பேர் சொல்லி அழுதேன்டா, வயிறு குளுந்துச்சு. உன் பாஸ்போர்ட்டு, வேலை, வீடு எல்லாம் அந்தப் பேர்லதான் இருக்குன்னு எனக்கும் தெரியும். சீட்டோட நகலை உன் கிளப்புக்கும் அனுப்பிட்டேன். சட்டம்னா சட்டம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசைத் தரட்டும். முட்டிக்குச் சூடா எண்ணெய் தடவு, மறந்துடாதே. உன் சொந்தப் பிறப்புச் சீட்டு என் பெட்டியில பத்திரமா இருக்கு, வந்தா வாங்கிக்க. கவர் மேல மட்டும் ஸாலியுன்னு எழுதியிருக்கேன், உங்க தபால்காரனுக்கு அந்தப் பேரைத்தானே தெரியும். இனிமே அந்தப் பேரை சிப்பிமேட்டுல போய்தான் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
ஜெகானுக்கும் ஸாலியுவுக்கும் உம்மா,
ருகி ஃபாய்