செகரட்டரி வீட்டுப் பிடி அரிசி

2024 ஜூலை 3, புதன்

பொன்னி அரிசி நேற்றோடு தீர்ந்தது. இன்று முதல் ரேசன் அரிசி. அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை, இந்த நாகல் நகர் சந்தில் பாதி வீட்டில் அதுதான் வேகிறது. ஆனால் உலை வைக்கும் முன் வழக்கம்போல ஆண்டவருக்கென்று ஒரு பிடி அள்ளினேனா, டிரம் மூடியைத் திறந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

எட்டு வருடமாக இந்த டிரம் என் வீட்டில் இருக்கிறது. சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது எடுத்து வைக்கிற பிடி அரிசி, முதல் ஞாயிறு இதில் வந்து சேரும். அந்த மாதம் எந்த வீட்டில் கஷ்டமோ அந்த வீட்டுக்கு மூட்டையாகப் போகும். எந்த வீடு என்று விசாரித்துச் சொல்வது பெண்கள் சங்கத்து செகரட்டரி. அதாவது நான்.

இரண்டு வருடத்துக்கு முன் பொன்னழகு ரேசன் அரிசி கொண்டுவந்தபோது அத்தனை பேர் முன்னால் கேட்டவளும் நான்தான். "ஆண்டவருக்குப் போடுறத இப்பிடியா போடுவாங்க? நல்லதாப் பாத்துப் போடக் கூடாதா?" அதற்குப் பிறகு ஒருத்தியும் ரேசன் அரிசி போட்டதில்லை. பொன்னழகு சங்கத்துக்கு வருவதையே விட்டுவிட்டாள். அப்போது அதை என் வெற்றி என்றல்லவா நினைத்தேன்!

இன்று அதே அரிசி என் கையில். போட்டேன். ஆண்டவருக்குத் தெரியாதா எங்கள் வீட்டு நிலவரம்?

பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். தொடையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கால் ஊன்றக் கூடாது.

ஜூலை 5, வெள்ளி

கேஸ் தீர்ந்தது. கொல்லையில் கிடந்த சாரக்கட்டை இரண்டை எரிக்கச் சொன்னார். எரியட்டும், எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் அரிசி கொண்டுவந்தார்கள். ஆயரின் மனைவி, எங்கள் ஆயரம்மா, என் தோளைத் தொட்டு, "பிராங்க்ளினுக்கு எப்பிடிம்மா இருக்கு? வீட்டுல ஒண்ணும் கஷ்டமில்லையே?" என்று கேட்டார்கள்.

"ஆண்டவர் ஒரு குறையும் வைக்கலம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அது விசுவாசமா பொய்யா? விசுவாசம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 13, சனி

சங்கக் கூட்டம். இந்த மாதம் எந்த வீடு என்று கேட்டார்கள். அகரத்தில் பூப்பறிக்கப் போகிற சுந்தரம்மாள் பெயரைச் சொன்னேன். புருஷன் இறந்து ஒரு வருடம் ஆகவில்லை, பூவும் இப்போது குறைவு. சரியான வீடுதான். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூலை 15, திங்கள்

டிரம்மை மூட்டையில் கவிழ்த்துக் கட்டி, பஸ்ஸில் அகரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுந்தரம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள். "செத்த நேரம் உக்காருங்க, சோறு ஆக்குறேன்" என்றாள். "இப்பத்தான் சாப்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். காலையில் ஒரு டம்ளர் வரக்காப்பி. அது சாப்பாடுதானே?

ஜூலை 19, வெள்ளி

எங்கள் வீட்டு அரிசியும் முடிந்தது. இனி டப்பாவில் கிடக்கிற கேழ்வரகு மாவில் கூழ்தான்.

பக்கத்து வீட்டு மணிமேகலை ஒரு கிண்ணம் சாம்பாரோடு வந்தாள். "எங்க வீட்டுல ஆடி வெள்ளி. கொஞ்சம் கூடவே வச்சிட்டேன்க்கா." "அய்யய்யோ, எங்க வீட்டுலயும் இருக்கே" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். கட்டிலிலிருந்து அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! "உனக்கு வேணாம்னா எனக்கு வாங்கியிருக்கலாம்ல அன்பு?"

மனுஷரிடம் கை நீட்டினால் ஆண்டவரை நம்பவில்லை என்று ஆகாதா? ஓய்வுநாள் பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பஞ்ச காலத்தில் தீர்க்கதரிசிக்குக் காகம் அப்பம் கொண்டுவந்து கொடுத்த வேதாகமக் கதையை. எனக்கும் ஒரு காகம் வரும். காத்திருப்பேன்.

ஜூலை 24, புதன்

அறிவுச்செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். உள்ளே ஒரு அவித்த முட்டை. சத்துணவில் கொடுத்தது. "அப்பாவுக்கு எலும்பு சேரணும்ல" என்றாள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, மத்தியானம் முழுக்க அதை நசுங்காமல் காப்பாற்றியிருக்கிறாள்.

முதலில் அவளைத் திட்டினேன். பிறகு கொல்லைக்குப் போய் அழுதேன்.

ஆண்டவரே, பாத்துக்கிட்டுத்தான் இருக்கீரா? நான் உமக்கு என்ன குறை வச்சேன்? எட்டு வருசமா வீடு வீடா அரிசி சொமந்தேனே! என் பிள்ளை முட்டையைத் திங்காம மறைச்சு எடுத்துட்டு வாரா. காக்கா எங்க? எங்கன்னு கேக்குறேன்!

முட்டையை மூன்றாக நறுக்கினேன். அவர் தன் பங்கை அவளுக்கு ஊட்டினார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

டிரம் நிறைந்துவிட்டது. ரேசன் கடையில் அரிசி லோடு இன்னும் வரவில்லை, பத்தாம் தேதிக்கு மேல் வரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். இன்று காலை டிரம்மைத் திறந்து ஒரு டம்ளர் அரிசி அள்ளினேன். ஒரே ஒரு டம்ளர். முறத்திலும் கொட்டிவிட்டேன். கல் பொறுக்கக் குனிந்தால் கண்ணே தெரியவில்லை. திரும்ப அள்ளி உள்ளே போட்டு மூடி, மூடியின் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன்.

இது அந்த மாதம் கஷ்டப்படுகிற வீட்டுக்கான அரிசி. கஷ்டப்படுகிற வீடு என் வீடு. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்ல வாய் வரவில்லை. திருடக்கூட ஒரு கணம் துணிந்தேன், கேட்கத் துணியவில்லை. என்ன ஜென்மம் நான்!

ஆகஸ்ட் 8, வியாழன்

காலை பத்து மணிக்குச் சுந்தரம்மாள் வந்தாள். வா என்று சொல்வதற்குள் நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்பில் கை வைத்துப் பார்த்தாள், பானையைத் திறந்து பார்த்தாள். அவள் வீட்டுக்கு முதல்முறை போனபோது நானும் அப்படித்தான் செய்தேன். விசாரிக்கிறேன் என்று நினைத்துச் செய்தேன். எவ்வளவு கூசும் என்று இன்றுதான் தெரிந்தது.

முந்தானை முடிச்சை அவிழ்த்து என் முன்னால் கொட்டினாள். ரேசன் அரிசி.

"செகரட்டரியம்மா, இது யாரு வீட்டு அரிசி?"

"எனக்கென்ன தெரியும்? அம்புட்டு வீட்டுலருந்து வருது."

"மூட்டையில மேல பூராம் பொன்னி. இன்னிக்கு அடியில கைய விட்டா இது வருது. நீங்க பொன்னழகைப் பேசுன பேச்சுக்கு ஒருத்தரும் ரேசன் அரிசி போடுறதில்ல. மூட்டைக்கு அடியில இருக்குன்னா டிரம்முல மேலாக்க இருந்திருக்கு, கடைசியா விழுந்த கை. டிரம்மு இருக்குறது இந்த வீட்டுல."

போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள்! "ஆண்டவர் தருவாருன்னு காத்திருக்கேன் சுந்தரம்மா" என்றேன்.

"எனக்கும் ஆண்டவர்தான் தந்தாரு. உங்க கையில குடுத்து விட்டாரு. நான் வாங்கலையா? என் கை நீளலாம், உங்க கை மட்டும் நீளாதோ? எனக்குக் கூச்சமே கிடையாதுன்னு நெனச்சீங்களா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். ஏழைகளுக்கு வாங்கிப் பழகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அதை அவளிடமே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், "அதான் தெரியுமே" என்று அடுப்பைப் பற்ற வைத்தாள்.

அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சித் துவையல் அரைத்தாள். அவர் மூன்று தடவை வாங்கிக் குடித்தார். காகக் கதையைச் சொன்னதும் சுந்தரம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அப்ப நான் காக்காவா? கறுப்பா இருக்கேன்னு சொல்றீங்களா?" அவர் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து இன்றுதான் சிரிக்கிறார்.

ஆகஸ்ட் 10, சனி

சங்கக் கூட்டம். "இந்த மாசம் எந்த வீடு அன்பு?" என்று ஆயரம்மா கேட்டதும் எழுந்து நின்றேன்.

"எங்க வீடு."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து ஒருத்தி சிரித்தாள். நான் உட்காரவில்லை. "ரெண்டு மாசமா எங்க வீட்டுல சம்பாத்தியம் இல்ல. நீங்க கேட்டப்பல்லாம் பொய் சொன்னேன். இந்த மாசத்து அரிசி எங்களுக்கு வேணும்."

சொன்னதும் செத்துப்போவேன் என்றே நினைத்திருந்தேன். சாகவில்லை! தலையிலிருந்து மூட்டையை இறக்கியதுபோல இருந்தது. ஆயரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எட்டு வருசமா நீ ஒவ்வொரு வீட்டு அடுப்படியையும் பாத்த. உன் அடுப்படியை நாங்க யாருமே வந்து பாக்கலையே அன்பு" என்று அவர்கள் அழ, நான் அழ, கடைசியில் யார் யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை.

பின்வரிசையில் சுந்தரம்மாள் மட்டும் அழவில்லை. ஆமென் என்று சத்தமாகச் சொன்னாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அரிசி டிரம்மிலேயே இருக்கிறது, எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் ஆராதனை முடிந்து சங்கமே பாட்டுப் பாடிக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்துவிட்டது. வடமதுரை வீட்டார் கத்தரிக்காய், அகரத்தார் தேங்காய், ஆளுக்கு ஒரு கட்டு முருங்கைக்காய். யாரோ கேஸ் சிலிண்டரையே உருட்டிக்கொண்டு வந்தார்கள். மணிமேகலை சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தாள், உள்ளே போனாள், சாம்பார்ச் சட்டியோடு வந்து நின்றாள். "இன்னிக்காவது வாங்குவீங்களா, இல்ல உங்க வீட்டுலயும் இருக்கா?"

இரண்டு கையாலும் வாங்கினேன்.

அவர் முதலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஆம்பிளை மனசு. எல்லோரும் போனபின் எழுந்து உட்கார்ந்து, "இம்புட்டு முருங்கைக்காயை என்ன செய்யப் போற?" என்றார். "ஒரு வாரத்துக்கு உங்க சோத்துக்கு அதான் வெஞ்சனம்" என்றேன்.

ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம். இன்று எழுத வேறு வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பொன்னழகு வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, "என்னை மன்னிச்சிரு" என்றேன்.

"அன்னிக்கு எங்க வீட்டுல அந்த அரிசிதான்க்கா இருந்துச்சு. அதுலயும் அவ்வளவுதான் இருந்துச்சு."

அவள் காப்பி கொடுத்தாள், குடித்தேன். சங்கத்துக்கு வருவதாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது! டாக்டர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாம். "முட்டை நெறையச் சாப்டீங்களா?" என்று கேட்டார். அறிவுச்செல்வி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

செப்டம்பர் 14, சனி

கூட்டத்தில் ஒன்று கேட்டேன். இனி இந்த டிரம் என் வீட்டில் வேண்டாம், ஆலயத்து வராந்தாவில் இருக்கட்டும். போடுகிறவர்கள் போடட்டும், வேண்டியவர்கள் அள்ளட்டும். செகரட்டரி விசாரிக்கவும் வேண்டாம், பெயர் சொல்லவும் வேண்டாம்.

"எல்லாத்தையும் யாராவது ஒரே நாள்ல அள்ளிட்டுப் போயிட்டா?" என்று கேட்டார்கள். "பசிக்குதுன்னு அர்த்தம்" என்றேன். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் 18, புதன்

டிரம்மில் அடி தெரிகிறது. அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிவிட்டேனோ?

செப்டம்பர் 20, வெள்ளி

பாதிக்கு மேல் இருக்கிறது. யார் போட்டது என்று தெரியவில்லை. பொன்னியும் ரேசனும் கலந்து கிடக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

அவர் வேலைக்குப் போனார். வடமதுரையில் ஒரு மண்டபத்து ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட். ஏணி வேலை கிடையாது, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அடிக்கலாம். கைலியில் பச்சைப் பெயின்டோடு வந்து நின்றார். அந்தக் கைலியைத் துவைக்க மனசு வரவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. ஆலயம் முழுக்கப் பூசணியும் வாழைத்தாரும் கோழிச் சத்தமும். அவர் கைத்தடி இல்லாமல் நடந்து போய்ப் பீடத்தின் முன் ஒரு தேங்காயை வைத்துவிட்டு வந்தார். பாட்டு உச்சத்தில் இருந்தது. நான் பாடவில்லை, அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு மண்டபத்துக் கூலி வேலை முடிந்து, வருகிற சனிக்கிழமைதான் கைக்கு வரும். வீட்டில் அரிசி நேற்று தீர்ந்துவிட்டது. போன ஜூலையாக இருந்தால் இதை இங்கே எழுதிவிட்டு வெளியே சிரித்திருப்பேன். ஆராதனை முடிந்து சபை முழுக்க வராந்தாவில் பேசிக்கொண்டு நின்றபோது, பட்டுச்சேலையோடு பையை எடுத்துக்கொண்டு டிரம்முக்குப் போனேன். ஆயரம்மா பார்த்தார்கள், எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. என் அப்பா வீட்டில் அள்ளுவதுபோல அள்ளினேன்.

ஒரு கையால் அள்ளும்போது பை மடங்கி மடங்கி விழுந்தது. பக்கத்திலிருந்து ஒரு கை வந்து பையின் வாயை விரித்துப் பிடித்தது. நிமிர்ந்தால், பொன்னழகு.

"நல்லா அள்ளிப் போடுங்கக்கா" என்றாள். இன்னும் இரண்டு பிடி போட்டேன்.