ஆள் இல்லாத போட்டோ

வைகாசி, வெள்ளிக்கிழமை

சுருட்டை மாமா, இன்றைக்கு நம் மகள் பிரியாவைக் கூட்டிக்கொண்டு ஊட்டியில் அந்தக் காலேஜுக்குப் போனேன். சினிமாவும் போட்டோவும் மூன்று வருடப் படிப்பாம். வேண்டாம் என்று சொல்லத்தான் லீவு போட்டேன்.

அவள் எடுத்த போட்டோக்களில் ஒன்றை நேற்றே அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஆணியில் தொங்கும் உங்கள் மழைக்கோட்டு. ஆளே இல்லாத போட்டோவை யார் பார்ப்பார்கள்? கழுதை, அதையும் தேடிக் கொண்டுவந்திருக்கிறாள்.

அங்கே டீச்சரம்மா மற்றதையெல்லாம் தேயிலைக் கொழுந்தில் முற்றின இலையைக் கழிக்கிற மாதிரி ஒதுக்கினார். ஆனால் ஏன் ஒதுக்குகிறேன் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். நம் தோட்டத்து மேஸ்திரி ஒருநாளாவது சொல்லியிருப்பாரா? கோட்டைப் பார்த்ததும் கை நின்றது.

“ஏங்கண்ணு, கோட்டு நனைஞ்சிருக்குது. கீழ சொட்டு விழுந்திருக்குது. யாரோ இப்பத்தான் ஊட்டுக்குள்ள வந்திருக்காங்க, இல்ல?”

“எங்கப்பாங்க” என்றாள்.

எத்தனை தரம் பார்த்தும் எனக்கு வெறும் கோட்டுதான் தெரிந்தது. இப்படிப் பார்க்கச் சொல்லித்தருகிற படிப்பென்றால் படிக்கட்டும். வேலை கிடைக்குமா என்று கேட்கக்கூட மறந்து, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவள் அந்தப் போட்டோ எடுத்தது, நீங்கள் போய்ச் சேருமுன் கடைசியாக அந்தக் கோட்டைக் கழற்றிய சாயங்காலம். ஆணியில் மாட்டிக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னீர்கள். தகரத்தில் மழைச் சத்தம். காதில் விழாமலே “ம்” என்றேன்.

என்ன சொன்னீங்க, மாமா?