பழசில் இறக்கியிருக்கலாம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் ஒருவர் எங்கள் டிராவல்ஸ் ஆபீசுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். இந்த ஊருக்கு மூன்று விமான நிலையங்கள் இருப்பது என் குற்றமாம். ஊருக்கு நடுவில் இருப்பதை நாங்கள் பழசு என்போம். இரண்டு மணி நேரம் தள்ளி இருப்பது பெருசு. கடலை ஒட்டி இருப்பது சின்னது. கம்ப்யூட்டரில் ஊர் பெயரை அடித்தால் மூன்றுக்குமான விமானங்களும் கலந்துகட்டி வரும். மனிதர் எதையும் படிக்காமல் எங்கள் வெப்சைட்டில் தானே டிக்கெட் போட்டுக்கொண்டு, பெருசில் இறங்கியவரை அழைத்துவரப் பழசுக்குப் போய் மூன்று மணி நேரம் பூச்செண்டோடு நின்றிருக்கிறார். "மாமனாருங்க! வேற யாராவதா இருந்தாக்கூட பரவால்ல!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

புதிதாகச் சேருகிறவர்களிடம் இருபத்திரண்டு வருஷமாக நான் சொல்வது ஒன்றுதான். விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பார்க்காதே. ஆள் எத்தனை மணிக்குப் போய்ச்சேருவார் என்று பார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. அப்பா இரண்டு வாய் சாப்பிட்டார். நர்ஸிடம் என்னைக் காட்டி, "ஊர்ல இருக்கிற எல்லாரையும் ஏத்தி அனுப்புவா. இவ மட்டும் எங்கயும் போகமாட்டா" என்றார். கிண்டல் குறையவில்லை. அதுவே தெம்பாக இருந்தது.

மார்ச் 5, வியாழன்

தெம்பெல்லாம் ஒரு நாள்தான். டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "வரவேண்டியவங்களை வரச்சொல்லிடுங்க. அஞ்சாறு நாள் தாங்கும்னு நினைக்கிறேன்" என்றார்.

உள்ளே வந்தேன். அப்பா கண்ணைத் திறக்காமல் கேட்டார். "அவன் வருவானா?"

அம்மா போனபோது அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று அப்பா போனிலேயே சொல்லிவிட்டார். அதோடு சரி. ஒன்பது வருஷம். இன்றைக்குத்தான் அவராக அவனைப் பற்றிக் கேட்கிறார்.

அண்ணனுக்கு போன் போட்டேன். டாக்டர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு, "வர்றேன். டிக்கெட் நீயே போட்டுடு, வாலு" என்றான். ஐம்பது வயதில் என்னை வாலு என்று கூப்பிட இந்த உலகத்தில் அவன் ஒருத்தன்தான் இருக்கிறான்.

மார்ச் 6, வெள்ளி

டிக்கெட் போட்டுவிட்டேன். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு விமானங்கள். ஒன்று நடுவில் மாறி, பழசில் பதினொன்றேகாலுக்கு இறங்குகிறது. பழசிலிருந்து ஆஸ்பத்திரி இருபது நிமிஷம். பன்னிரண்டரைக்குள் அப்பா பக்கத்தில் இருப்பான். இன்னொன்று நேர் விமானம், பெருசில் பத்தே முக்காலுக்கே இறங்கும். ஆனால் பெட்டி எடுத்து, வெளியே வந்து, இரண்டு மணி நேரம் காரில் வந்தால் ஆஸ்பத்திரி சேர இரண்டு ஆகும். என்னிடம் வேலை பழகுகிறவள் பெருசைப் போட்டிருந்தால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன்.

பெருசைத்தான் போட்டேன்.

அந்த இரண்டு மணி நேரம் எனக்கு வேண்டும். இத்தனை வருஷமும் வாரம் தவறாமல் அப்பாவிடம், "அண்ணன் பேசினான், உங்களைக் கேட்டான்" என்று சொல்லியிருக்கிறேன். அவன் வருஷத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டால் அதிகம். கூப்பிட்டாலும் அப்பாவின் பேச்சை எடுக்கமாட்டான். அவனிடம் நான், "அப்பா உன்னையே கேட்டுக்கிட்டிருக்கார்" என்பேன். இரண்டும் பச்சைப் பொய். இப்போது இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்காரப்போகிறார்கள். ஒரு வாக்கியம் பேசினால் போதும், என் வண்டவாளம் வெளியே வந்துவிடும். நான் அசிங்கப்பட்டால் படுகிறேன். இத்தனை நாள் மகன் விசாரித்தான் என்று நம்பிய மனுஷனுக்கு இந்த நேரத்திலா அது தெரியவேண்டும்?

போனில் சொல்லலாமே என்றால் — சொன்னால் கோபித்துக்கொண்டு வராமலே இருந்துவிடுவான். காரில் சொன்னால் இறங்கிப் போகமுடியாது, அப்பா முன்னால் எனக்கு ஒத்துப்பேசச் சொல்லலாம்.

அவனிடம், "நேர் விமானம், முன்னாடியே இறங்கிடும்" என்றேன். அதுவும் பொய் இல்லையே. ஒன்றரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்? அஞ்சாறு நாள் என்று டாக்டரே சொன்னார்.

மார்ச் 7, சனி

"நாளைக்கு வந்துடுவான்பா" என்றேன். சவரம் செய்துவிடச் சொன்னார். செய்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அப்பா போய்விட்டார். மதியம் ஒன்று பத்து.

மார்ச் 11, புதன்

எழுதினால்தான் நெஞ்சு ஆறும் போலிருக்கிறது.

விமானம் சொன்ன நேரத்துக்கே இறங்கியது. அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டான். காரில் ஏறினோம். எப்படி ஆரம்பிப்பது என்று நான் வார்த்தை கூட்டிக்கொண்டிருந்தேன். விமான நிலைய வாசலைத் தாண்டுவதற்குள் அவன் தலை சாய்ந்துவிட்டது. பதினாலு மணி நேரப் பயணம், களைப்பு இருக்காதா? எழுப்ப மனசு வரவில்லை. பாலம் வரட்டும், எழுப்பலாம். பாலம் வந்தது. பெட்ரோல் பங்க் வரட்டும். அதுவும் வந்தது.

பக்கத்து வீட்டு டீச்சரைத்தான் அப்பாவுக்குத் துணையாக உட்கார வைத்திருந்தேன். அவரிடமிருந்து போன். "மூச்சு ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா. டாக்டருங்க வந்திருக்காங்க. எங்க இருக்கீங்க?" நாங்கள் லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தோம். அடுத்த போன் ஏழு நிமிஷம் கழித்து வந்தது. எடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு அவன் அங்கே இருந்திருப்பான். முழுசாக நாற்பது நிமிஷம். கையைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பான். பொய் வெளியே வந்தால்தான் என்ன? வந்து தொலையட்டுமே! என்ன பெரிய கௌரவம் எனக்கு? பாவி, நானே தடுத்துட்டேனே. பழசுல இறக்கியிருக்கலாமே.

மார்ச் 14, சனி

வீட்டில் இன்னும் ஆட்கள் வந்துபோகிறார்கள். சித்தப்பா கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார். "பக்கத்துலயே ஒண்ணு இருக்குல்ல? எதுக்கு அவனை அவ்வளவு தூரத்துல கொண்டுபோய் இறக்கினே?"

"அதுல சீட் இல்ல சித்தப்பா" என்றேன். வாய் கூசவில்லை, பழகிய வாய்.

அண்ணன் சித்தப்பாவைப் பார்த்து, "அவ தொழிலே அதுதானே சித்தப்பா? அவளுக்குத் தெரியாததா?" என்றான்.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, ஒரு போர்வையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். சீட் இருந்தது, ஒன்றரை மணி நேரம், ஒன்பது வருஷத்துப் பொய் — எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

அவன் போர்வையைக் கீழே விடவில்லை. கடைசி மடிப்பு வரைக்கும் மடித்து என் கையில் கொடுத்தான்.

"நான் கார்ல தூங்கலை, வாலு."

எனக்குப் புரியவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். அப்பா முன்னாடி போய் என்ன பேசறதுன்னு தெரியலை. நீ ஏதாவது கேட்டுடுவியோன்னு பயம். வண்டி லாரிக்கு நடுவுல நின்னப்போ... இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு நினைச்சேன்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். கோபம் வந்தது, அவன் மேல், என் மேல். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு தடிக்கழுதைகளும் ஆளுக்கொரு பயத்தை வைத்துக்கொண்டு அப்பாவை விட்டுவிட்டோம்.

மார்ச் 19, வியாழன்

அண்ணன் ஊருக்குப் போனான். பழசிலிருந்தே சீட் இருந்தது. இருபத்தைந்து நிமிஷத்தில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். "பெருசுலயே போடு. நீயும் வா" என்றான்.

கார் தெருமுனை திரும்பியதும் கேட்டான். "நிஜத்தைச் சொல்லு. அப்பா என்னை ஒரு தடவைகூட கேட்கலையா?"

இனிமேல் அவனிடம் பொய் சொல்வதாக இல்லை.

"ஆஸ்பத்திரியில கேட்டதுதான். அதுக்கு முன்னாடி இல்ல. ஆனா 'அண்ணன் பேசினான்'னு நான் ஆரம்பிச்சா டிவி சத்தத்தைக் குறைச்சிடுவார். நான் முடிக்கிறவரைக்கும் கூட்டமாட்டார்."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொல்லுவே என்னைப் பத்தி?" என்றான்.

சொன்னேன். அவன் வீடு மாறினது, தோட்டம் போட்டது, கார் ஓட்டும்போது அப்பா மாதிரியே முணுமுணுப்பது, அம்மா படத்தை ஹாலில் மாட்டியிருப்பது. எல்லாம் நானாகக் கட்டியது. "அப்புறம்? அப்புறம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பெருசு வந்துவிட்டது. சொல்ல இன்னும் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.