தகரத்து மழையும் லாபிர் கடை ரேடியோவும்

மஸ்கெலியா
16.7.1963

அன்பு மகள் பூரணிக்கு அப்பா வீரய்யா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகம், அதே சுகம் திருகோணமலையில் உனக்கும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே, வெயில் நேரத்தில் மோர் குடி. இங்கே பத்து நாளாக ஒரே மழை. அம்மா ஈரக் கம்பளியோடுதான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறாள், சொன்னால் கேட்கிறாளா.

நீ முதல் சம்பளத்தில் அனுப்பிய பணத்துக்கு நல்ல ரேடியோவாகப் பார்த்து வாங்கி விவரம் எழுதச் சொன்னாய். லாபிர் முதலாளி கடையில் நம் கைக்கு எட்டுகிற மாதிரி இரண்டு இருந்தன. அண்ணே, கொண்டுபோய் வச்சுக் கேட்டுப் பாருங்க, பிடிச்சத வச்சுக்குங்க என்று சொல்லி முதலில் சின்னதைக் கொடுத்தார். தோல் உறை போட்டது, என் சோற்றுப் பெட்டி அளவுதான், சின்ன பேட்டரி போட்டால் போதும். பார்க்க லட்சணம். ஆனால் சத்தம் போதவில்லை. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு முன்னால் அது முணுமுணுக்கிறது என்று நான்கு நாளில் திருப்பிக் கொண்டுபோனேன். லாபிர் கடையில் திருகிக் காட்டினார், ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், நான் போதாது என்றே நின்றேன். அந்த மனிதர் பெரியதை எடுத்துக் கொடுத்தார்.

பெரியது மரப் பெட்டி. அதன் பேட்டரியே செங்கல் கனம், முக்காலி முழுவதையும் பிடித்துக்கொண்டது. முழுசாகத் திருகி வைத்தேன். நம் லயத்து வீடுகளின் நடுச் சுவர்தான் கூரை வரைக்கும் போகாதே, இந்தக் காம்பிராவில் தும்மினால் கடைசிக் காம்பிராவில் கேட்கும். ஆறு வீடு தள்ளி இருக்கிற காளியாயி வந்து, மாமா எங்களுக்கும் சேத்தா ரேடியோ வாங்குனீங்க, பச்சப்புள்ள ரெண்டு நாளாத் தூங்கல என்றாள். மழை என்றேன், பேட்டரி இறங்கிவிட்டது என்றேன், லாபிர் ஏமாற்றிவிட்டார் என்றுகூடச் சொன்னேன். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் மழை விட்டது. ரேடியோவைக் குறைத்து வைத்திருந்தாள் அம்மா. அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு பாட்டோடு சேர்ந்து வாயசைக்கிறாள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறேன், எனக்கு வண்டு பறக்கிற மாதிரிதான் வருகிறது. எழுந்து பெட்டியைத் தட்டினேன். அம்மா வந்து கையைப் பிடித்து, பெட்டி நல்லாத்தான் இருக்குங்க என்றாள். ஒரு வருசமாகவே அவளுக்குத் தெரியுமாம். அதனால்தான் ரோட்டில் நடக்கும்போது என் வலது பக்கமாகவே வருகிறாளாம், நான் கவனித்ததே இல்லை. இருபத்திரண்டு வருசம் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றதில் இடது காது போய்விட்டது, வலது காதும் பாதிதான். வேலை பார்க்கிற தோட்டத்துக் கண்டாக்கு ஐயாவிடம் சொல்லி வேறு வேலைக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். நீ அழாதே.

அதனால் சின்னதையே எடுத்துவிட்டோம். வலது காதில் வைத்துக்கொண்டால் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது, காளியாயி பிள்ளையும் தூங்குகிறது. லாபிரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல சாமான் பூரணி, உன் பணம் வீண் போகவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, கடல் பக்கம் தனியாகப் போகாதே. நீ ஆயுசோடும் நல்ல பேரோடும் இருக்க அம்மாவும் நானும் கும்பிடுகிறோம். ஒன்று மறக்காமல் செய். சித்திரையில் நீ புறப்பட்டபோது பஸ் ஜன்னலில் தலையை நீட்டி என்னிடம் ஏதோ சொன்னாய், கண் கலங்கி இருந்தது. நான் சிரித்துத் தலையாட்டினேன். எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை பூரணி. அது என்ன என்று பதிலில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
மா. வீரய்யா