பிராட்லியில் பிராட்லிகள் இல்லை

இன்று மாலை அஜ்மானில் ஒரு கிளினிக்கில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "மிஸ்டர் பிராட்லி" என்று கூப்பிட்டாள். என்னையறியாமல் எழுந்து உன்னைத் தேடினேன். வெயிலில் சிவந்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரர் எழுந்து போனார். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னமும் அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு உன் பெரிய மீசைதான் முன்னால் வருகிறது.

அவர் மருந்து வாங்கிக்கொண்டு போகும்வரை ஒரு கேள்வி என் நாக்கு நுனியிலேயே இருந்தது: 'உங்கள் பிராட்லி எந்தப் பிராட்லி?' நான் கேட்கவில்லை. நீயாக இருந்தால் கேட்டிருப்பாய்.

பொன்மலை ரயில்வே காலனியில் பிறந்த ஆங்கிலோ இந்தியன் நீ. என்னைவிடக் கறுப்பு, என்னைவிட நல்ல திருச்சித் தமிழ். துபாயில் நம் இருவருக்கும் ஒரே ஆபீஸ். வாடகை குறைவென்று அஜ்மானில் குடியிருந்ததால் தினமும் உன் காரில் ஷார்ஜா நெரிசலுக்குள் ஊர்ந்து போவோம். புதிதாக வருகிற வெள்ளைக்கார மேனேஜர்கள் உன் பேட்ஜைப் பார்த்துவிட்டு, "உன் உண்மையான பெயர் என்ன?" என்று கேட்பார்கள். நீ அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாய். நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போன உன் மகளால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் கார் ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"டாடி, நான் பேரை மாத்திக்கப் போறேன். பிராட்லி வேணாம்."

"ஏம்மா?"

"பேஷன்ட்கூட கேக்கறாங்க டாடி. யாரோட பேரையோ திருடிப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு."

முன்னால் இருந்த வண்டி நகர்ந்தும் நீ நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். "கொஞ்சம் பொறும்மா. அது யாரு பேருன்னு நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். அப்புறம் உன் இஷ்டம்" என்றாய்.

அன்றிலிருந்து நம் பயணங்களுக்கு வேறு பேச்சே இல்லை. இந்தியாவுக்கு முதலில் வந்த பிராட்லி யார் என்று தேடினாய். சிப்பாயா, ரயில்வேக்காரனா, அல்லது ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் வைத்துவிட்டுப் போன பெயரா? உன் தாத்தாவுக்கு அப்பால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பெயரின் பொருள் கிடைத்தது. 'பிராட்' என்றால் அகலம். 'லி' என்பது பழைய ஆங்கிலத்தில் காட்டுக்கு நடுவே மரம் வெட்டித் திருத்திய வெளி.

"அப்போ நீ பெரும்பொட்டலார்" என்றேன். ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தாய். பிராட்லி என்பது முதலில் ஓர் ஆளின் பெயரே இல்லை, ஓர் ஊரின் பெயர் என்பது உனக்குப் பெரிய வியப்பு. அந்தப் பெயரில் ஓர் ஊரல்ல, இங்கிலாந்து முழுக்க எத்தனையோ ஊர்கள் என்று தெரிந்ததும் வியப்பு இரட்டிப்பானது. "எங்கெல்லாம் காட்டைத் திருத்தினானோ அங்கெல்லாம் அதே பேரு. இதுல எதைன்னு நான் தேட?"

அடுத்த லீவுக்கு நீ பொன்மலை போகவில்லை. மகள் வேலை பார்க்கும் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிராட்லிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாய். திரும்பி வந்த மறுநாள் காரில் நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"சர்ச் கல்லறையில ஒவ்வொரு கல்லா பாத்தோம் மாப்ள. ஒரு பிராட்லிகூட இல்ல. புல்லு வெட்டிக்கிட்டிருந்த பெரியவர்கிட்ட கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'இங்க இருந்தவனுக்கு எதுக்கு அந்தப் பேரு? இங்க எல்லாருமே பிராட்லிதானே. இங்கேருந்து கிளம்பி வேற ஊருக்குப் போனவனைத்தான், அங்க உள்ளவங்க பிராட்லிக்காரன்னு கூப்பிட்டிருப்பாங்க'ன்னார்."

"பாப்பா என்ன சொன்னா?"

"திரும்பி வந்த பஸ்ல இருந்து இறங்கும்போது சொன்னா: 'அப்போ இது ஊரைவிட்டு வந்தவங்களோட பேரு. நமக்குப் பொருத்தமாத்தான் இருக்கு டாடி.' மாத்தலைன்னுட்டா."

அடுத்த ஆண்டு பொன்மலைக்கு லீவில் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து, நீ திரும்பவே இல்லை. உன் கல்லில் பிராட்லி என்று செதுக்கியிருப்பதை உன் மகள் படம் எடுத்து அனுப்பினாள். அவளும் இங்கிலாந்தில் யூனிஃபார்மில் அந்தப் பெயரைக் குத்திக்கொண்டுதான் நிற்கிறாள்.

பெயர்களைப் பற்றிய அந்தக் கேள்விகளையெல்லாம் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாய். இப்போது காரை நான் ஓட்டுகிறேன். கூட வருகிறவர் ஏசி மெக்கானிக். அவருடைய ரூமில் எல்லோரும் அவரை ஊர்ப் பெயரால் 'கறம்பக்குடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் அவரிடம், "ஊர்லயும் உங்களை அப்படித்தான் கூப்பிடுவாங்களா?" என்றேன்.

"ஊர்லயா? அங்க போய் கறம்பக்குடின்னு கூப்பிட்டா யாருண்ணே திரும்பிப் பாப்பா?" என்று சிரித்தவர், சீட் பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இங்க வந்துதாண்ணே எனக்கு இந்தப் பேரு" என்றார்.

"கறம்பக்குடின்னா என்ன அர்த்தம்?"

"அட, அதை நான் யோசிச்சதே இல்லியே. இருங்க, அம்மாகிட்ட கேக்கறேன்."

அவர் போனை எடுத்து ஊருக்கு அடித்தார். நான் ரேடியோவை அணைத்தேன்.