கொசு கேசட்

மார்ச் 14, சனி

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. எனக்கு நல்லது. மொட்டை மாடியில் தட்டில் மூன்று கம்ப்யூட்டர் சிப். பக்கத்தில் அம்மாவின் மோர்மிளகாய்.

அம்மா கேட்டது: "அது என்னத்துக்குடி காயுது?"

சொன்னேன். இந்தப் பழைய சிப்பின் முதுகில் சுண்டுவிரல் நகமளவு கண்ணாடி ஜன்னல். அதில் ஒரு வாரம் வெயில் பட்டால் உள்ளே எழுதியதெல்லாம் அழிந்துவிடும். பிறகு புதிதாக எழுதலாம். இதற்கென்று தனி விளக்குப் பெட்டி உண்டாம். நாகமலை புதுக்கோட்டையில் இருப்பவளுக்கு எதற்குப் பெட்டி?

"எல்லாமே அழிஞ்சுருமா?"

"எல்லாமேம்மா."

அம்மா மிளகாயைத் திருப்பிப் போட்டது.

கணக்கு டீச்சராக இருபது வருஷம். ஒன்றும் பூஜ்யமும் பற்றி எவ்வளவோ பாடம் எடுத்தாயிற்று. வெயில் பட்டால் பூஜ்யமெல்லாம் ஒன்றாகிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பதினைந்து கோடி கிலோமீட்டர் தாண்டி வந்து, என் மாடியில், ஒவ்வொரு பூஜ்யமாக! நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும்.

வாங்க:
- சாலிடர் கம்பி
- அம்மா பி.பி. மாத்திரை
- சின்னத் திருகு 2

9-பி விடைத்தாள் 41 பாக்கி. தம்பி சார்லஸுக்குப் போன். எடுக்கமாட்டான். ஆனாலும்.

மார்ச் 16, திங்கள்

புழுக்கம். மேகம் சும்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

போனை எடுத்தது அவன் பெண்டாட்டி ரீனா. "எப்பவும் போலதான் மதினி. வெளிச்சம் இருட்டு மட்டுந்தான் தெரியுது. கம்பு வாங்கிக் குடுத்தா தொடமாட்டேங்கிறாரு. போன்ல பேசுற ஆப்பு போட்டுக் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. ரேடியோகூட வேண்டாமாம்."

என் தம்பி. முப்பத்தொன்பது வயது. மேலூரில் கல் குவாரி சூப்பர்வைசராக இருந்தவன். கண் அழுத்தம் உள்ளுக்குள் ஏறியிருக்கிறது, வலியே இல்லை, தெரிந்தபோது நரம்பு செத்துப் போயிருந்தது. பதினாலு மாதமாக நாற்காலி. 29-ஆம் தேதி இங்கே வருகிறான், மறுநாள் கண் ஆஸ்பத்திரி.

அதற்குள் கேசட் ஓடவேண்டும். கண்ணே தேவைப்படாத டிவி கேம். அவன் வேண்டாம் என்று சொல்லமுடியாத ஒன்று இந்த உலகத்தில் இதுதான் என்று நினைக்கிறேன். இதையும் வேண்டாம் என்றால் அப்புறம் எனக்கு வழி தெரியாது.

சாயங்காலம் அவனுடைய பழைய டாங்க் சண்டை கேசட்டைப் பிரித்தேன். உள்ளே இரண்டு சிப். ஒன்று ஆட்டம், ஒன்று படம். ஆட்டச் சிப்பைக் கழற்றி அந்த இடத்தில் சாக்கெட் வைத்தாயிற்று. சிப்பின் நாலு கால்களுக்கு ஒயர் மாற்றிக் கொடுக்கவேண்டும். படச் சிப் அப்படியே இருக்கட்டும். அதற்கு வேலை இல்லை.

அம்மா ஹாலுக்கு வந்து கேசட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இதெல்லாம் இன்னுமா வச்சிருக்க?" உள்ளே போனது, சாப்பிடக்கூட வரவில்லை.

எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அம்மா அடுப்படியிலிருந்து தினமும் கத்தும்: "போதும்டா, கண்ணு போயிரும்!" இவன் திரும்பாமலே: "லாஸ்ட் ஆட்டம்மா." மறுபடி அது, மறுபடி இவன். எம்புட்டுத் தடவை என்று கணக்கே கிடையாது.

மார்ச் 18, புதன்

ஸ்டாஃப் ரூமில் பிசிக்ஸ் மிஸ் என் விரலைப் பிடித்துப் பார்த்தார். "என்னங்க, சுட்டுக்கிட்டீங்களா?"

"சாலிடரிங் மிஸ். டிவி கேம் கேசட் செய்றேன்."

"பி.எஃப். லோன் போடுற வயசுல கேசட்டா!" எல்லோரும் சிரிப்பு. நானும்தான்.

என்ன ஆட்டம் என்பதுதான் இத்தனை நாள் பிடிபடவில்லை. சத்தம் ஒரே ஸ்பீக்கரில் வருவதால் இடது வலது காட்ட வழியில்லை. இன்றைக்கு விடைத்தாள் திருத்தும்போது காதோரம் ஒரு கொசு. கை ஓங்கினேன். சத்தம் நின்றது. நின்றால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்! அடித்தேன். தப்பிவிட்டது. ஆனால் ஆட்டம் கிடைத்துவிட்டது.

விதி:
கீச்சென்று வந்தால் கொசு மேலே. கரகர என்றால் கீழே. கிட்ட வரவர சத்தம் கூடும். நின்றதும் அரை செகண்டுக்குள் மேல் பட்டன் அல்லது கீழ் பட்டன். அடிக்க அடிக்க அடுத்த கொசு வேகம். மூன்று தடவை கடி வாங்கினால் ஆட்டம் முடிந்தது. எண்ணிக்கையும் சத்தத்தில்தான்: பத்துக்கு ஒரு நீள பீப், ஒன்றுக்கு ஒரு குட்டி பீப்.

படம் கிடையாது. திரை முழுக்க வெறும் நீலம்.

மார்ச் 22, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் முதல் வேலை இதுதான். மூன்றில் இரண்டு சிப் வெள்ளைத்தாள் ஆகிவிட்டன. ஒன்று பிடிவாதம், இன்னும் காயட்டும்.

"சிப்பை எரிச்சுட்டு வாரேம்மா" என்றேன். எழுதுவதற்கு இந்தத் தொழிலில் அதுதான் பெயர். அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தது. "எரிஞ்ச வாடையே வரலையே?"

கேசட்டை அவனுடைய பழைய டிவி கேம் மிஷினில் சொருகி சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை. சத்தம் இல்லை. ஒயரெல்லாம் மறுபடி பார்த்தேன், சரிதான். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. இந்த மிஷின் சுவிட்ச் போட்டதும் முதல் பக்கத்துக்குப் போவதில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகும். எங்கே ஆரம்பிக்கவேண்டும் என்று அங்கேதான் எழுதியிருக்கவேண்டும். நான் அதை நடுவில் எழுதி வைத்திருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தின் பின்னாலுள்ள விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கை ஆரம்பிப்பார்கள், வாங்கு வாங்கென்று வாங்குவேன். இனிமேல் திட்டமாட்டேன்.

அந்தச் சிப் மறுபடி வெயிலுக்குப் போனது. 29-க்குள் தேறாது. கையில் இருப்பது ஒரே ஒரு வெள்ளைத்தாள். இன்றைக்குத் தொடவில்லை.

மார்ச் 25, புதன்

ஓடுகிறது! ஓடுகிறது ஓடுகிறது.

நீலத் திரை. இரண்டு செகண்ட் ஒன்றுமில்லை. பிறகு எங்கேயோ தூரத்தில் ஒரு கொசு.

நான்தான் எழுதினேன், ஒவ்வொரு எண்ணும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கொசு எங்கிருந்து வந்தது? முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் எண், கரப்பான்பூச்சி சைஸில் ஒரு கறுப்புக் கட்டை, அதற்குள்ளிருந்து ஒரு உயிர் பறந்து வருகிறது. மிஷினைத் தொட்டுக் கும்பிடாத குறை.

கண்ணில் துண்டு கட்டிக்கொண்டு ஆடினேன். 7. மறுபடி ஆடினேன். 7. நான் லாயக்கில்லை.

சிப்பின் கண்ணாடி ஜன்னலுக்கு மேல் நோட்டு லேபிள் ஒட்டினேன், வெளிச்சம் படாமலிருக்க. திருகு இன்னும் வாங்கவில்லை. மூடாமல் டிவி மேல் வைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

அனல் காற்று. பஸ்ஸில் உட்கார இடமில்லை.

நேற்று விடைத்தாளோடு கிடந்தேன், டிவி பக்கமே போகவில்லை. இன்றைக்கு ஐந்து மணிக்கு வந்தேன். டிவி மேல் கேசட் இல்லை. அம்மா சிலுவைப்பாதைக்குப் போயிருந்தது. வீடெல்லாம் தேடிவிட்டு மாடிக்குப் போனால், மோர்மிளகாய்த் தட்டில், என் கேசட். லேபிள் சுத்தமாக உரித்திருந்தது. ஜன்னல் நேரே மேற்கு வெயிலைப் பார்த்து இருந்தது.

அம்மா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கத்திவிட்டேன். "மிளகான்னு நெனச்சுட்டியா? எதுக்கும்மா எடுத்த? என்னைக்கு வச்ச?"

"நேத்துக் காலையில."

"தெரியாம வச்சியா?"

"தெரிஞ்சேதான் வச்சேன்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டது. பிறகுதான் சொன்னது. "அழியட்டும்னு வச்சேண்டி. கண்ணு போயிரும் கண்ணு போயிரும்னு எத்தன வருசம் கத்துனேன். பெத்தவ வாயி. பலிச்சுருச்சுல்ல? இப்ப அதே கருமத்த அவன் கையில குடுக்கப்போறியே, அவன் என்ன நெனைப்பான் என்னைய?"

பதினாலு மாதமாக இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. டாக்டர் பரம்பரை வியாதி என்று சொன்னபோது பக்கத்தில்தான் இருந்தது. தலையைத் தலையை ஆட்டியது. ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை.

"நீ கத்தி யாரும்மா கேட்டா? அவனே கேக்கல, கண்ணழுத்தம் வந்து கேட்டுச்சாக்கும்!" என்றேன். சிரிக்கவைக்கலாம் என்று. அம்மா சிரிக்கவில்லை. நான்தான் அழுதேன்.

மார்ச் 28, சனி

காலையில் சிப்பை எழுதும் கருவியில் வைத்து கம்ப்யூட்டரில் உள்ளதோடு ஒப்பிட்டேன். பதினேழு இடம் மாறியிருக்கிறது. முப்பத்திரண்டாயிரத்தில் பதினேழு. இரண்டு நாள் மதுரை வெயிலில் அவ்வளவுதான்.

வெற்றுச் சிப் வேறு இல்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் தோன்றியது. வெயில் பூஜ்யத்தை ஒன்றாக்குகிறது. என் கருவி ஒன்றைப் பூஜ்யமாக்குகிறது. அப்படியென்றால் வெயில் மாற்றிய அந்தப் பதினேழையும் நான் திரும்ப எழுதலாமே. அழிக்கவே வேண்டாம், இருப்பதன் மேலேயே அதையே இன்னொரு தடவை எழுதினால் போதும்.

எழுதினேன். ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. கர்த்தரே.

லேபிள் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பி.பி. மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாளை உரித்து நீட்டியது. வெள்ளித்தாள். "இது போதுமா வெளிச்சம் மறைக்க?" லேபிளைவிட நல்லது என்றேன். தானே ஒட்டி, நகத்தால் நாலு பக்கமும் நீவிவிட்டது.

"படமே இல்லங்கிற. அப்ப கண்ணு வேண்டாம்ல?"

"வேண்டாம்மா."

"நான் அடுப்படியிலயே இருந்துக்கிறேன்."

திருகு மாட்டி மூடினேன். சார்லஸ் வேண்டாம் என்று சொன்னால் அம்மா அதையும் தன் கணக்கில்தான் போட்டுக்கொள்ளும்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

மதியம் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ. சார்லஸ் இளைத்துவிட்டான். அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தது, அவன் விட்டுக்கொடுத்து நடந்தான். சாப்பிட்டான். மடியில் குருத்தோலையைப் போட்டதும் விரல் தானாகச் சிலுவை மடித்தது.

நாலு மணிக்குக் கேசட்டைக் கையில் கொடுத்தேன்.

தடவினான். "என்ன, கிண்டல் பண்றியா?" குரல் எழும்பவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் செஞ்சதுடா. படம் கிடையாது."

திருப்பித் தந்துவிடுவான் என்று நினைத்தேன். தரவில்லை. கட்டைவிரலால் விளிம்பைப் பார்த்து முன்பக்கம் எது என்று கண்டுபிடித்தான். வாய்க்குக் கொண்டுபோய் ஊதினான். மூன்று ஊது, இடமிருந்து வலம், சின்ன வயதில் ஊதிய அதே மாதிரி. எச்சில் பட்டால் துரு ஏறும் என்று எல்லோரிடமும் சண்டை போடுகிறவள் நான். வாயைத் திறக்கவில்லை. மிஷினைத் தேடி ஒரே அழுத்தில் சொருகினான். சுவிட்ச்.

நிசப்தம்.

பிறகு கொசு. பளாரென்று தன் கழுத்தில் ஒரு அடி போட்டான்!

ரீனா சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அவனுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "டிவிக்குள்ளயா இருக்கு?"

விதியைச் சொன்னேன். முதல் ஆட்டம் 4. இரண்டாவது 19. மூன்றாவதில் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். தலையை லேசாகச் சாய்த்து, கண்ணைத் திறந்தபடி, விரல் மட்டும். நான் எழுதிய வேகத்தின் எல்லைக்கே போனான். எனக்கே கேட்காத இடத்தில் கொசு உட்காருவது அவனுக்குக் கேட்கிறது. இருட்டில் உட்கார்ந்திருந்த பதினாலு மாதத்தில் இந்தக் காது எப்படி வளர்ந்தது, எங்களில் ஒருத்தருக்கும் தெரியாமல்? பீப் பீப் பீப். ஆறு நீளம், மூன்று குட்டி. 63.

"யக்கா, இன்னும் வேகமா வைக்க முடியாதா? ரொம்ப லேசா இருக்கு."

யக்கா என்றான். எத்தனை நாளாயிற்று.

ஆறரை ஆகியும் எழுந்திருக்கவில்லை. காப்பி ஆறிப்போனது. ரீனா சுவரில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படியில் குக்கர் விசில். கரண்டிச் சத்தம். அப்போது அங்கிருந்து, யோசிக்காமல், இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய அதே குரலில்:

"போதும்டா சார்லஸு, கண்ணு போயிரும்!"

கரண்டி கீழே விழுந்தது. அம்மா வாசற்படியில் வந்து நின்றது, வாயில் முந்தானை. ரீனா என்னைப் பார்த்தாள். கொசு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, கீச்சென்று, மேலே மேலே.

நின்றது. அடித்தான்.

திரும்பவில்லை. "லாஸ்ட் ஆட்டம்மா."