ஐம்பது துடிப்பில் வந்த குரல்

வான்சே, லிஸ்தா
12 பிப்ரவரி 1967, ஞாயிறு

அன்பு மகள் ஆர்லீனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே காற்று இன்னும் அடங்கவில்லை, கடல் பக்கத்து ஜன்னலில் உப்பு படிந்து வெளியே ஒன்றும் தெரிவதில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்கு அந்தப் பழைய இருமல்தான். நீ புரூக்ளினிலிருந்து பேசி அனுப்பிய டேப் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடவில்லையே என்று நினைத்திருப்பாய். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

உன் அம்மா அமெரிக்காவை விட்டு இந்தச் சொந்த ஊருக்குத் திரும்பி வர ஒரே ஒரு நிபந்தனை போட்டது உனக்குத் தெரியும். என் சமையலறை அப்படியே வரணும், ஒரு கரண்டி குறையக்கூடாது என்றாள். நானும் சரி என்றேன். இங்கே கரண்ட் இருநூற்று முப்பது வோல்ட்டாமே, நம்ம சாமானெல்லாம் நூற்றுப் பதினைந்தாச்சே என்று கேட்டாள். வோல்ட்டைக் குறைக்கிற ஒரு பெட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அமெரிக்காவிலிருந்து திரும்பிய வீடு இந்த ஊரில் பாதிக்குப் பாதி, எல்லார் வீட்டிலும் அந்தப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே உறுமிக்கொண்டு கிடக்கிறது, நாமும் ஒன்று வாங்கி வைத்தோம். கடல் கடந்து வந்த மரப்பெட்டிகளைப் பிரித்து ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சுவர்க் கடிகாரம், டேப் ரிக்கார்டர் எல்லாவற்றையும் அதோடு இணைத்தேன். விளக்கு எரிந்தது, டோஸ்டர் சிவந்தது, உன் அம்மா முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. நான் கப்பல்துறையில் முப்பத்தொரு வருடம் தச்சு வேலை பார்த்தவன், எதையும் கையால் சரிசெய்து பழகியவன், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

நவம்பரில் ஃப்ரிட்ஜ் போயிற்று. சூடேறிச் சூடேறி ஒருநாள் கருகிய வாசனையோடு நின்றது. எலக்ட்ரீஷியன் டாரால்டைக் கூப்பிட்டேன், அவன் என்னோடு பள்ளியில் படித்தவன், வாய்த்துடுக்கு அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படியே. ஊரே ஃப்ரிட்ஜா இருக்கிற இடத்துக்கு எதுக்குடா ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டு வந்தே என்றான். பிறகு உட்கார்ந்து விளக்கினான். பெட்டி வோல்ட்டை மட்டும்தான்டா குறைக்கும், துடிப்பை மாத்தாது, அங்கே கரண்ட் நொடிக்கு அறுபது தடவை துடிக்குது, இங்கே ஐம்பது, மோட்டார் வச்ச சாமானுக்கெல்லாம் இது ஆகாது, ஒண்ணு சூடாகும், இல்லேன்னா மெதுவா ஓடும், அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது என்றான். உன் அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி எல்லாத்தையும் சரி பண்ணும்னீங்களே என்று மட்டும் கேட்டாள்.

சுவர்க் கடிகாரமும் அப்படித்தான், மணிக்குப் பத்து நிமிடம் பிந்தியது. கழற்றிவிடலாம் என்றால் உன் அம்மா விடமாட்டேன் என்று தினமும் முள்ளைத் திருப்பி வைப்பாள். டாரால்ட் உன் அம்மாவிடம் கேலியாக, ஒன்றரை நாள் தொடாம விடு போர்கில்ட், ஆறு மணி நேரம் பின்னுக்குப் போய் தானா நியூயார்க் நேரம் காட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் அதை நிஜமாகவே செய்து பார்த்தாள். ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சரியாக வைத்தவள் பிறகு தொடவில்லை. மறுநாள் சாயங்காலம் எட்டுக்கு அது இரண்டு காட்டியது. அதன் எதிரே நின்று, ஆர்லீன் இப்போ சாப்பிட்டு முடிச்சிருப்பா என்றாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் தப்பாகிவிட்டது. நான் பேப்பரைப் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் உன் டேப் வந்தது. உன் அம்மா நல்ல மேசைவிரிப்பு போட்டு காப்பி வைத்து உட்கார்ந்தாள். மெஷினைப் போட்டேன். வந்தது உன் குரலே இல்லை. கனத்து, இழுத்து இழுத்து, ஜலதோஷம் பிடித்த ஆம்பிளை பேசுவதுபோல இருந்தது. உன் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இவ அழுதிருக்கா, இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு என்றாள். இது ஐம்பது துடிப்பு செய்யற வேலைம்மா என்றேன். கேட்கவில்லை. மறுபடி போடுங்க, மறுபடி போடுங்க என்று நாலு தடவை கேட்டாள். எனக்கும் பொறுமை போய், உனக்கு ஊரு பிடிக்கலைங்கறதுக்காக மக அழுவுறான்னு சொல்லாதே என்று கத்திவிட்டேன். அந்தப் பேச்சை நான் பேசியிருக்கக்கூடாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று டாரால்டிடம் யோசனை கேட்டேன். டேப்பை இழுக்கும் சின்ன உருளையைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றித் தடிமனாக்கினால் வேகம் கூடும் என்றான். ஒரு வாரம் உட்கார்ந்து சுற்றினேன், பிரித்தேன், மறுபடி சுற்றினேன். என் விரல் தூணுக்கும் பலகைக்கும் பழகியது, அந்த உருளையோ பென்சில் கனம்கூட இல்லை. கடைசியில் வேகம் வந்தது. ஆனால் உன் குரல் குளிரில் நடுங்குவதுபோல நடுங்கியது. உன் அம்மா எழுந்து வெளியே போய் அந்தக் காற்றில் கோட்டுகூட இல்லாமல் நின்றாள்.

இங்கே சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டு, நேற்று அது விட்டபிறகு இங்வால்ட் வாத்தியாரிடம் போனோம். அவரிடம் பாடத்துக்கு வாங்கிய, ஐம்பது துடிப்புக்கென்றே செய்த ஐரோப்பிய மெஷின் இருக்கிறது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்தோம். அவர் டேப்பைப் போட்டார். உன் குரல் வந்தது கண்ணு. உன் சொந்தக் குரல். நான் முழங்காலில் தட்டி, கேட்டியா போர்கில்ட், நான் சொன்னேனா இல்லையா என்றேன். அவள் வாத்தியார் பக்கம் திரும்பினாள். இன்னொரு தடவை போடுங்க வாத்தியாரே என்றாள். இரண்டாம் தடவைதான் நானும் கேட்டேன். ஜன்னல்திரை வாங்கினதைச் சொல்கிறாய், மாதா கோயில் விருந்தைச் சொல்கிறாய், எட்டாவது அவென்யூ பேக்கரி மூடிவிட்டதைச் சொல்கிறாய். மாப்பிள்ளையைப் பற்றி, கென் நல்லா இருக்கார் என்று ஒரே ஒரு இடத்தில் சொல்கிறாய், அதற்கு முன்னால் மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி போட்ட சத்தம் கேட்கிறது. போட்டபிறகு உன் மூக்கடைத்திருக்கிறது. அப்பா உங்க பெட்டி எப்படி இருக்கு என்று சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டாய். வாத்தியார் எங்களைப் பார்க்காமல் அடுப்புக்கு விறகு எடுத்துவருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார். விறகு உள்ளேதான் இருந்தது.

வரும் வழியில் உன் அம்மா நான் நினைத்ததுபோல் என்னைக் குத்திப் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டு வாசலில் நின்று, இப்போ எதைச் சுத்தி, எதைத் திருகி சரி பண்ணப்போறீங்க என்று கேட்டாள். ராத்திரி முழுக்க யோசித்தும் எனக்குத் தெரியவில்லை ஆர்லீன். நடுவில் இவ்வளவு கடலை வைத்துக்கொண்டு இந்தக் கையால் என்ன செய்வது.

வழக்கமாக ஆங்கிலம் கலந்து எழுதுவேன், இந்தத் தடவை முழுக்க நம் மொழியிலேயே எழுதுகிறேன், கென்னுக்குப் படிக்க வராது. என்ன நடந்தது என்று நீ சொன்னால் சொல், சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை. வரவேண்டும் என்றால் மாடி அறை காலியாக இருக்கிறது, கடிதம்கூடப் போடாமல் வந்து நில். அம்மா அங்கே வரவேண்டும் என்றால் ஒரு வார்த்தை எழுது, நானே கப்பலேற்றி அனுப்புகிறேன். கென் மேலும் எனக்குக் கோபம் இல்லை, தெரியாமல் யார்மேல் கோபப்படுவது. வேளைக்குச் சாப்பிடு, மெலிந்துவிடாதே. கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

மறக்காதே. பிப்ரவரி 23, வியாழக்கிழமை, உன் நேரம் காலை பதினொரு மணி. அப்போது கென் வேலைக்குப் போயிருப்பார். தொலைபேசி நிலையத்தில் உனக்கு அழைப்பு பதிவு செய்திருக்கிறேன், அம்மாவும் நானும் அங்கே உட்கார்ந்திருப்போம். எடுத்தால் போதும். பேச்சு வராவிட்டால் பேசவேண்டாம், நேரம் முடியும்வரை நாங்களும் சும்மா பிடித்துக்கொண்டிருப்போம்.

உன் அன்பு அப்பா,
ரைனெர்ட்